ஆறு மாசம் கனடா போறேன்: காட்பாடி வீட்டு ஷெட்டுல காரை எப்படி விட்டுட்டுப் போறது?

காந்திநகர் டீச்சர் | செப்டம்பர் 12

வணக்கம். காட்பாடி காந்தி நகர்ல இருந்து எழுதறேன். கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. மக எட்மண்டன்ல இருக்கா, தலைப்பிரசவம். அக்டோபர் 6 கிளம்பறேன். விசிட்டரா போறவங்களை வழக்கமா ஆறு மாசம் வரைக்கும் இருக்க விடுவாங்க, அதனால ஏப்ரல் முதல் வாரம்தான் திரும்புவேன்.

வண்டி 2014 வேகன் ஆர், பெட்ரோல், 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. எங்க வீட்டுக்காரர் ரிட்டயர்மென்ட் பணத்துல வாங்கினது. அவர் இருந்த வரைக்கும் நான் பக்கத்து சீட்டுதான். அவர் போனதுக்கப்புறம் டிரைவிங் ஸ்கூல் சேர்ந்து கத்துக்கிட்டேன், இப்ப நானே ஓட்டறேன். வித்துடுங்கன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, அந்த எண்ணமே இல்லை.

ஏன் பயப்படறேன்னா, ஏற்கெனவே ஒரு தடவை பட்டிருக்கேன். 2022-ல அவர் காரியமெல்லாம் முடிஞ்சதும் தங்கச்சி வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய் மூணு மாசம் தங்கிட்டேன். வண்டியைப் பத்தி நினைப்பே இல்லை, மழையில நனைஞ்சு வந்ததை அப்படியே ஷெட்டுல விட்டு ஹேண்ட் பிரேக் போட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பானட்டைத் திறந்தா பேட்டரி மேல ஒரு கூடு. தேங்காய் நார், தலையணைப் பஞ்சு, பானட்டோட உள்பக்கம் இருக்கிற கறுப்பு மெத்தையைக் கடிச்சுப் பிச்ச துண்டுகள், எல்லாத்தையும் சேர்த்து உருட்டி வெச்சிருந்தது. உள்ள கண்ணு திறக்காத அணில் பிள்ளை மூணு. அதுங்க வளர்ந்து வெளியே போற வரைக்கும் ஒண்ணரை மாசம் வண்டியைத் தொடலை. பேட்டரி செத்துப் போச்சு, பின் சக்கரம் ரெண்டும் இறுகிப் போச்சு, ரெண்டு ஒயர் கடிபட்டிருந்தது. எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆச்சு.

இந்தத் தடவை மாப்பிள்ளை, அங்க பனிக்காலத்துக்கு வண்டியை நிறுத்தி வைக்கறப்ப செய்யறதையெல்லாம் வரிசையா எழுதி அனுப்பியிருக்கார். பேட்டரியைக் கழட்டணும், பெட்ரோல் கெட்டுப் போகாம இருக்க மருந்து ஊத்தணும், கூலன்ட் பார்க்கணும், வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு மேல வைக்கணும்னு. இங்க நான் வண்டி விடற மெக்கானிக் அதெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்கும்மா, வாரத்துக்கு ஒரு தடவை யாராவது அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிவிட்டா போதும்ங்கறார். மாடியில குடியிருக்கற தம்பி விஐடியில படிக்கறான், நான் பண்றேன் ஆன்ட்டின்னு சாவி கேக்கறான். நல்ல பையன், லைசென்ஸ் கிடையாது.

ரெண்டு பேர் சொல்றதும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கு. ஷெட் தகரக் கூரை, மூணு பக்கம் சுவர், முன்னாடி கேட். பக்கத்துல வேப்பமரம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

குடியாத்தம் தறிக்காரன் | செப்டம்பர் 12

அக்கா, எலிக்கும் அணிலுக்கும் மட்டும் சொல்றேன், மத்தது எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல அம்மா பீடி சுத்தறாங்க. முறத்துல கடைசியா தங்கற புகையிலைத் தூளைக் காடாத் துணியில எலுமிச்சம்பழம் அளவுக்கு மூட்டை கட்டி பானட்டுக்குள்ள நாலு இடத்துல தொங்கவிடுவேன். என் ஆம்னியில அஞ்சு வருஷமா ஒயர் கடி கிடையாது. ஆனா நெடி ரெண்டு மாசத்துக்கு மேல நிக்காது, யாராவது மாத்தணும். சூடாகற பைப்பு மேல படாம கட்டணும்.

அதைவிட முக்கியம், ஷெட்டுல அரிசி மூட்டை, கோழித் தீவனம், தேங்காய் மட்டை எதுவும் வைக்காதீங்க. எலி சோத்துக்குத்தான் வரும். வந்த இடத்துல பல்லைத் தேய்க்க ஒயர் கிடைச்சா விடாது.

கொணவட்டம் பழைய ஃபிட்டர் | செப்டம்பர் 13

டீச்சரம்மா, நான் 86-ல டெப்போவுல ஃபிட்டரா சேர்ந்தவன். அப்போ நம்ம ஊர் பஸ்ஸெல்லாம் பட்டுக்கோட்டை அழகிரி பேர்ல ஓடின காலம். ரிட்டயர் ஆயி இப்போ வீட்டுப் பக்கத்துல சின்னதா ஒரு ஷெட் போட்டுகினு வேலை பாக்கறன். உங்க மாப்பிள்ளை சொன்னதுல முக்கால்வாசி சரி. அஞ்சு நிமிஷ ஸ்டார்ட்தான் தப்பு. அதை மொதல்ல சொல்லிடறன், ஏன்னா நம்ம ஊர்ல அந்த ஒரு பழக்கத்தாலதான் நிறைய வண்டி கெட்டுப் போவுது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும். இன்ஜின் நல்லா சூடேறினா அது சைலன்சர் வழியா வெளிய போயிடும். அஞ்சு நிமிஷத்துல இன்ஜின் சூடேறாது. ஆவியெல்லாம் சைலன்சருக்குள்ளயே தண்ணியா நின்னு உள்ள இருந்து துரு பிடிக்கும். மிச்சம் ஆயில்ல கலக்கும். போன வருஷம் சத்துவாச்சாரியில இருந்து ஒரு வண்டி வந்துச்சி. எட்டு மாசமா தினமும் காலைல ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணியிருக்காங்க, தெருவைத் தாண்டினதே இல்ல. ஆயில் மூடியைத் திறந்து கவுத்துப் பாத்தன், அடியில வெள்ளையா கெட்டியா மோர்க்குழம்பு மாதிரி அப்பிகினு இருந்துச்சி. விரலால வழிச்சா வழவழன்னு வருது. ஆயிலும் தண்ணியும் கலந்தா அப்படித்தான் ஆவும். சைலன்சரைத் தட்டினன், அடியில பொத்தல் விழுந்து துரு கொட்டுது.

பேட்டரிக்காவது நல்லதான்னு கேட்டா அதுவும் இல்ல. நீங்க கணக்கு டீச்சர், கணக்காவே சொல்றன். வண்டி சும்மா நின்னாலும் கடிகாரம், லாக், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் மாதிரி இழுக்கும். ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-அவர். உங்க வண்டி பேட்டரி 35 ஆம்பியர்-அவர். பாதி எறங்கினாலே செல்ஃப் எடுக்கத் திணறும், அதுக்கு ரெண்டரை வாரம் போதும். வாரத்துக்கு ஏழு செலவு. அஞ்சு நிமிஷம் ஐட்லிங்ல ஓடினா 20 ஆம்பியர் வந்தாகூட ஒண்ணே முக்கால்தான் வரவு. ஒவ்வொரு வாரமும் கடன்தான் ஏறும். கால் சார்ஜ்ல நாள் கணக்கா நிக்கற பேட்டரியில ஈயத் தகடு மேல வெள்ளையா உப்பு கெட்டிப்படும், அப்புறம் எவ்ளோ சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

அதனால ரெண்டுல ஒண்ணு. லைசென்ஸ் இருக்கற ஆள் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திருவலம் இரும்புப் பாலம் வரைக்கும் போயி திரும்பணும், அரை மணிக்கு மேல ஓடினாத்தான் தண்ணி, ஈரம் எல்லாம் வெளிய போவும். அப்படி ஆள் இல்லன்னா வண்டியை முழுசா தூங்க வெச்சிடணும், நடுவுல யாரும் சாவியைத் தொடக்கூடாது. உங்களுக்கு ரெண்டாவதுதான்.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்ன ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க. திரும்பி வந்து மாத்திக்கலாம்னு விடாதீங்க. ஓடின ஆயில்ல அமிலமும் ஈரமும் இருக்கும், அது ஆறு மாசம் பேரிங் மேல ஒக்காந்துகினு இருக்கக்கூடாது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவுங்க, அடிப்பக்கம் சக்கரத்து வளைவுக்குள்ள இருக்கற சேறு போவணும். கழுவினதும் அப்படியே ஷெட்டுல வுடாதீங்க. பத்து பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டி பிரேக்கை அழுத்தி அழுத்தி உலர்த்துங்க. போற வழியில டேங்க் ஃபுல் பண்ணிடுங்க. இப்போ பம்ப்புல வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்ல காத்து எவ்ளோ இருக்கோ அவ்ளோ ஈரம். தண்ணி ஒரு அளவுக்கு மேல சேர்ந்தா எத்தனாலோட சேர்ந்து பிரிஞ்சி அடியில தங்கிடும், டேங்க்குக்குள்ள இருக்கற பம்ப்பு இழுக்கறது அடியிலதான். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க வண்டி நிக்கப் போவுது, அதனால ஃபுல் டேங்க். மாப்பிள்ளை சொல்ற மருந்து கிடைச்சா பெட்ரோல் போடறதுக்கு முன்ன ஊத்திடுங்க, ஓடற ஓட்டத்துல இன்ஜெக்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்துடும்.

வீட்டுக்கு வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்ன ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஃபேன் மட்டும் வுடுங்க, உள்ள இருக்கற ஈரம் காயும். நிறுத்தறப்போ வெளிக்காத்து வர்ற லீவரை மூடி வெச்சிடுங்க, எலி உள்ள வர்ற வழி அது.

ஹேண்ட் பிரேக் போடவே கூடாது. உங்க வண்டி பின்னால டிரம் பிரேக். போன தடவை நடந்தது இன்னான்னா, ஈரத்தோட ஷூ டிரம் மேல அழுந்தி நின்னு துரு ரெண்டையும் ஒட்டிடுச்சி. ஒட்டினதை வண்டியைத் தள்ளி எடுத்தா லைனிங் ஷூவை விட்டுக் கழண்டு டிரம்மோடயே நின்னுடும், நான் சுத்தியால தட்டித் தட்டி எடுத்திருக்கன். முதல் கியர்ல போட்டுட்டு முன்னால பின்னால ரெண்டு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை குடுங்க, செங்கல்லும் போதும்.

டயர் காத்து 33 வைப்பீங்கன்னா 40 வெச்சிடுங்க, டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்கற உச்சத்தைத் தாண்டாம. ஆறு மாசத்துக்கு ஸ்டாண்டு மேல தூக்கத் தேவையில்ல. தெரியாத ஆள் தப்பான இடத்துல ஜாக்கி குடுத்தா அடித்தகடு மடங்கும், அது பெரிய செலவு.

கவர் வேணாம். பிளாஸ்டிக் கவர் போட்டா உள்ள வேர்த்து வேர்த்து பெயின்ட் கொப்பளிக்கும். பழைய பருத்திப் புடவை ரெண்டு மேல போட்டா போதும், தூசிக்கு.

ஷெட்டுல தண்ணி நிக்குமா? 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் புரண்டு வந்தப்போ சீட்டு நனைஞ்ச வண்டிங்க எத்தனை வந்துச்சின்னு எனக்குத் தெரியும். தண்ணி நிக்கற இடம்னா வேற இடம் பாருங்க.

ராணிப்பேட்டை டு வின்னிபெக் | செப்டம்பர் 13

ஃபிட்டர் ஐயா சொன்னதுக்கு மேல சொல்ல அதிகம் இல்லை. உங்க மாப்பிள்ளை சொன்னதுல எது இந்த ஊர் குளிருக்காக, எது எல்லா ஊருக்கும்னு மட்டும் பிரிச்சுச் சொல்றேன் அம்மா. நான் வின்னிபெக் வந்து பதினோரு வருஷம் ஆகுது. என்கிட்ட ரெண்டு கார், ஒண்ணை அக்டோபர் கடைசியில கராஜ்ல நிறுத்தினா ஏப்ரல்லதான் எடுப்பேன். ரோடு பூரா உப்பு கொட்டுவாங்க, பழைய வண்டி ரெண்டே வருஷத்துல அடியில கரைஞ்சிடும்.

இங்க ஜனவரியில மைனஸ் 30 வரும். ரேடியேட்டர்ல வெறும் தண்ணி இருந்தா உறைஞ்சு 9 சதவீதம் பெருசாகி இன்ஜின் பிளாக்கையே பிளந்துடும். பாதி கூலன்ட் பாதி தண்ணின்னா மைனஸ் 37 வரைக்கும் தாங்கும், அதனாலதான் கூலன்ட்டை முதல்ல சொல்றாங்க. பேட்டரியும் அதே கதை. சார்ஜ் இறங்கின பேட்டரி மைனஸ் 7, 10-லேயே உறைஞ்சு வெடிப்பு விடும், முழு சார்ஜ்ல இருந்தா மைனஸ் 50 கூட ஒண்ணும் பண்ணாது. முதல் வருஷம் தெரியாம விட்டு, ஏப்ரல்ல போய்ப் பார்த்தா பேட்டரி ரெண்டு பக்கமும் பலாப்பழம் மாதிரி உப்பி நின்னது.

காட்பாடியில உறைய வழியே இல்லை. ஆனாலும் உங்க ரேடியேட்டர்ல வெறும் தண்ணி ஊத்தியிருந்தா இப்பவே மாத்திடுங்க, துருவுக்காக. கூலன்ட்ல துருவைத் தடுக்கற மருந்தும் சேர்ந்துதான் இருக்கு. அப்புறம் குளிருக்குப் பதிலா அங்க வெயில் இருக்கு. நம்ம ஊர் மார்ச் மாசத் தகரக் கூரைக்குக் கீழ பேட்டரி தானாவே வேகமா இறங்கும். கழட்டி வீட்டுக்குள்ள குளிர்ச்சியா ஒரு மூலையில வைக்கறதுதான் நல்லது.

பிரசவம் நல்லபடியா நடக்கட்டும். எட்மண்டன் டிசம்பர்ல காலுக்கு நல்ல பூட்ஸ் முக்கியம், அங்க வந்து வாங்குங்க, சென்னையில வாங்காதீங்க.

காந்திநகர் டீச்சர் | செப்டம்பர் 14

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபிட்டர் ஐயா கணக்கை நோட்டுல போட்டுப் பார்த்தேன். வாரம் அஞ்சே கால் கடன்னா ஏழு வாரத்துல 35-ம் தீர்ந்துடும், நான் போறது இருபத்தாறு வாரம். மாடித் தம்பிகிட்டயும் காட்டினேன், சாவி வேண்டாம் ஆன்ட்டின்னுட்டான். புகையிலை மூட்டையை மட்டும் மாத்தறேன்னான்.

ஷெட்டுல தண்ணி நிக்காது, தெருவைவிட ஒண்ணரை அடி மேடு. ரேடியேட்டர்ல பச்சைக் கூலன்ட் இருக்கு, மூணு வருஷமாச்சு.

மூணு சந்தேகம். பேட்டரியைக் கழட்டிட்டா கதவு எப்படிப் பூட்டறது? எந்த ஒயரை முதல்ல கழட்டணும்? சைலன்சர் வாய்க்குள்ள துணி அடைக்கலாமா? அன்னைக்கு ஒரு பூரான் அதுக்குள்ள போறதைப் பார்த்தேன்.

கொணவட்டம் பழைய ஃபிட்டர் | செப்டம்பர் 14

மத்த கதவு மூணையும் உள்ள இருந்து பூட்டிடுங்க, டிரைவர் கதவை சாவி போட்டு வெளிய இருந்து பூட்டுங்க. அதுக்கு கரண்ட் வேணாம். பானட் லீவரும் கம்பியிலதான் இழுக்குது, பயமில்ல. ரேடியோ ஸ்டேஷன் அழிஞ்சிடும், கடிகாரம் திருப்பி வைக்கணும். மாட்டின அன்னைக்கு ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கும், கொஞ்ச தூரம் ஓடினா சரியாயிடும்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர். கழட்டறப்போ மொதல்ல கறுப்பு, மைனஸ். மாட்டறப்போ கறுப்பு கடைசி. சிவப்பை மொதல்ல கழட்டினா ஸ்பேனர் பாடியில பட்டு பொறி பறக்கும்.

துணி அடைக்காதீங்க. துணி ஈரத்தைப் புடிச்சி வெச்சிக்கும். கொசுவலைக் கம்பி இருக்குதில்ல, ஜன்னலுக்கு அடிக்கறது, அதுல ஒரு சாண் வெட்டி வாயில சுத்தி கட்டுக்கம்பியால முறுக்கிடுங்க. காத்து போவும், பூச்சி போவாது. காத்து ஃபில்டர் மூக்குக்கும் அதே மாதிரி ஒண்ணு. இன்னா இன்னா கட்டினீங்களோ எல்லாத்தையும் ஒரு அட்டையில எழுதி ஸ்டியரிங்ல கட்டித் தொங்கவுடுங்க. ஆறு மாசம் கழிச்சி யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கூலன்ட் மூணு வருஷம்னா ஆயில் மாத்தறப்போ அதையும் மாத்திடுங்க. உங்க பேட்டரியும் மூணு வருஷம். நடுவுல ஒரு தடவையாவது சார்ஜ் ஏத்தணும். பொங்கல் சமயத்துல விருதம்பட்டுல பொண்ணு வீட்டுக்கு வருவன், சார்ஜரை எடுத்தாறன். தம்பிகிட்ட சொல்லி வையுங்க.

ஆற்காடு பாலிசி | செப்டம்பர் 15

அம்மா, இன்சூரன்ஸ் எப்ப முடியுதுன்னு பாருங்க. நீங்க அங்க இருக்கறப்ப முடிஞ்சு 90 நாள் தாண்டிட்டா, இத்தனை வருஷம் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் போயிடும். முன்கூட்டியே கட்டிட்டுப் போங்க. நிக்கற வண்டிக்கு எதுக்குன்னு வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போடாதீங்க. தீ, திருட்டு, வெள்ளம், வேப்பங்கிளை ஒடிஞ்சு கூரையோட விழறது எதுக்கும் அதுல ஒரு ரூபா வராது.

காந்திநகர் டீச்சர் | ஏப்ரல் 11

எல்லாருக்கும் வணக்கம். பேத்தி பிறந்திருக்கா, 3 கிலோ 100. ஊர் வந்து நாலு நாள் ஆச்சு.

நடந்ததைச் சொல்லிடறேன், என்னை மாதிரி யாராவது பின்னால படிக்கலாம். டயர் 40-ல இருந்து 34-க்கு வந்திருந்தது. ஃபிட்டர் ஐயா பொங்கலுக்கு வந்து பேட்டரியை ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுட்டுப் போயிருக்கார், தம்பி குடுத்த பணத்தை வாங்கலையாம். நேத்து மீட்டர் வெச்சப்ப 12.5 வோல்ட் இருந்தது. அணில் இல்லை, எலி இல்லை, ஒயர் முழுசா இருக்கு. சைலன்சர்ல கட்டின வலை மேல ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது, வெளிப்பக்கம். வலை இல்லைன்னா உள்ளதான் கட்டியிருக்கும். உள்ள பூசண வாடை லேசா இருந்தது, ஒரு நாள் கதவைத் திறந்து வெச்சதும் போயிடுச்சு.

அட்டையில எழுதினபடி ஒவ்வொண்ணா எடுத்துட்டு, முட்டுக்கல்லை நகர்த்திட்டு சாவி போட்டேன். பம்ப்பு சத்தம் கேட்கற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் திருப்பினேன். ரெண்டாவது தடவை எடுத்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் போட்டோ முன்னாடி போய்ச் சொல்லிட்டு வந்தேன்.

ஒரே ஒரு விஷயம். தெருவைத் தாண்டறப்ப பிரேக் அழுத்தினா கர் கர்னு சத்தம். விருதம்பட்டு போறதுக்குள்ள குறைஞ்சிடுச்சு, ஆனா பெடல் கொஞ்சம் மெத்துன்னு இருக்கற மாதிரி தோணுது. என் பிரமையா?

கொணவட்டம் பழைய ஃபிட்டர் | ஏப்ரல் 11

பேத்திக்கு ஆசீர்வாதம். கர் கர் சத்தம் டிஸ்க் மேல படிஞ்ச மேல்துரு, அது தேய்ஞ்சி போச்சி. பெடல் மெத்துன்னு இருக்கறது பிரமை இல்ல. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியாவணும். உங்களுது 2022-ல பின் சக்கரம் பிரிச்சப்போ ஊத்தினதாத்தான் இருக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டுல கொதிச்சி காத்துக் குமிழி வுடும், அப்போ பெடல் தரையைத் தொடும், வண்டி நிக்காது. கத்திரி வெயில் தொடங்கறதுக்கு முன்ன மாத்திடுங்க. அதுவரைக்கும் ஊருக்குள்ள மெதுவா மட்டும் ஓட்டுங்க, பைபாஸ் ஏறாதீங்க. மாத்தறப்போ நாலு சக்கரத்துலயும் பழைய ஆயில் கறுப்பா வர்றது நின்னு தெளிவா வர்ற வரைக்கும் ப்ளீட் பண்ணச் சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க.